ஐம்பது வருஷ பேட்டரியும் எங்கள் லிஃப்ட்டும்

பேட்டரி என்று எதற்குப் பெயர் இருந்தாலும் எங்கள் அபார்ட்மென்ட்டில் அது கடைசியில் என்னிடம்தான் வந்து சேரும். சுவர்க் கடிகாரம் நின்றாலும் சரி, இரண்டாம் மாடிக்காரரின் கார் காலையில் கிளம்ப மறுத்து முனகினாலும் சரி, "சாரைக் கூப்பிடு." டெலிபோன்ஸில் எக்ஸ்சேஞ்ச் பவர் ரூம் பார்த்து ரிட்டயர் ஆனவன் என்பது ஒன்றுதான் என் தகுதி. ஆகவே, "50 வருஷம் சார்ஜே போட வேண்டாம்" என்ற வீடியோ ஆதம்பாக்கம் வரை வந்து சேர்ந்தபோது, அபார்ட்மென்ட் குரூப்பில் போட்டது போதாதென்று எனக்குத் தனியாகவும் ஆளுக்கொன்று அனுப்பினார்கள். எல்லாவற்றுக்கும் கீழே ஒரே கேள்வி: "சார், இது நெஜமா?"

நிஜம்தான். அதுதான் சங்கடம். பொய்யாக இருந்தால் ஒரு வரியில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

பெய்ஜிங்கில் உள்ள பீட்டாவோல்ட் என்ற நிறுவனம் 2024 ஜனவரியில் அறிவித்த சரக்கு அது. பி.வி.100 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 15 மில்லிமீட்டர் நீளம், அதே அகலம், 5 மில்லிமீட்டர் கனம். செய்தி பழசு, அவ்வப்போது புதுப் பின்னணி இசையோடு மறுபடி சுற்றுக்கு வரும். உள்ளே நிக்கல்-63 என்ற கதிரியக்க நிக்கல் மெல்லிய தகடாக இருக்கிறது. இருபுறமும் வைரத்தால் செய்த செமிகண்டக்டர். நிக்கல் அணுக்கள் ஒவ்வொன்றாகச் சிதைந்து எலக்ட்ரானை வெளியே தள்ளுகின்றன, அந்த எலக்ட்ரான் வைரத்தில் மோதும்போது கரன்ட் கிடைக்கிறது. நிக்கல்-63 பாதியாகக் குறைய ஏறத்தாழ 100 ஆண்டு ஆகும். கணக்குப் போட்டால் 50 ஆண்டு கழித்தும் அதன் கதிரியக்கத்தில் 70 சதவீதம் மிச்சமிருக்கும். ஆக, ஐம்பது வருஷம் என்பது வாய்ச்சவடால் இல்லை.

வீடியோவில் எல்லாம் இருந்தது, ஒரே ஒரு எண்ணைத் தவிர. 100 மைக்ரோவாட். ஒரு வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் குட்டிப் பெட்டி கொடுப்பது அவ்வளவுதான்.

எங்கள் படிக்கட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பை எடுத்துக்கொள்வோம். அது ஒன்றை எரிக்க இந்த பேட்டரி 90,000 வேண்டும். இடைவெளியே இல்லாமல் அடுக்கினாலும் நூறு லிட்டர் இடம் பிடிக்கும், அதாவது ஐந்து தண்ணீர் கேன். ஒரு பல்புக்கு! செல்போன் கணக்கு இன்னும் வேடிக்கை. இப்போது எல்லோர் கையிலும் இருக்கும் 5000 மில்லிஆம்பியர் போனை இதில் சொருகி ஒருமுறை முழுசாக சார்ஜ் ஏற்ற சுமார் 22 வருஷம் ஆகும். இன்று பிறந்த குழந்தை காலேஜ் முடித்து வரும்போது 100 சதவீதம் காட்டும். அதுவும் நடுவில் யாரும் போனை எடுத்து ரீல்ஸ் பார்க்காமல் இருந்தால்.

பென்ஷன் வாங்குகிறவனுக்கு இது சட்டென்று விளங்கும். முதல் தேதி ஆனால் வரும், உயிர் இருக்கும்வரை வரும். ஆனால் பெண்ணுக்குக் கல்யாணம், மொத்தமாகக் கொடு என்றால் நகராது. போனில் இருக்கும் லிதியம் பேட்டரி பி.எஃப். பணம் மாதிரி, ஒரே நாளில் எடுத்து அத்தனையையும் செலவழித்துவிடலாம். (பென்ஷனில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் கம்யூட்டேஷன் உண்டே என்று சக பென்ஷன்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.)

இதையெல்லாம் குரூப்பில் வாய்ஸ் மெசேஜாகப் போட்டேன். யாரும் கடைசிவரை கேட்கவில்லை என்பது அடுத்தடுத்து வந்த பதில்களில் தெரிந்தது. முதலில் வந்தது சந்தோஷம். "இனிமே ஈ.பி. பில் கெடயாது" என்று ஒருவர் கைதட்டும் பொம்மைகளை வரிசையாக விட்டிருந்தார். அடுத்து சந்தேகம்: "பெட்ரோல் கம்பெனிக்காரன் இதை வெளிய வர விடுவானா?" நம் ஊரில் எந்தக் கண்டுபிடிப்பு வந்தாலும் அதை அமுக்க ஒருவன் காத்திருப்பான் என்ற நம்பிக்கைக்கு என் வயசு இருக்கும். 1996-ல் மூலிகை பெட்ரோல் வந்தபோதும் இதே பேச்சுதான். அப்போது எக்ஸ்சேஞ்ச் கேன்டீனில் நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டோம். விஞ்ஞானிகள் பரிசோதித்து, மூலிகை எதுவும் இல்லை, உள்ளே இருப்பது பெட்ரோலியச் சரக்கு என்று சொன்ன பிறகும் நம்பிக்கைக் கட்சியில் பாதிப் பேர் கட்சி மாறவில்லை. "அமுக்கிட்டாங்க பாத்தியா" என்றார்கள்.

சைனா சரக்கு வெடிக்கும் என்றார் ஒருவர். "நம்ம ஊர்ல இந்த மாதிரி யாராவது செய்றாங்களா?" என்று இன்னொருவர் அலுத்துக்கொண்டார். அதற்கு மட்டும் உடனே பதில் போட்டேன். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி வந்த இடம். பேட்டரி என்ற ஒரு விஷயத்துக்காகவே அங்கே தலைமுறை தலைமுறையாக ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதன் கிளை ஒன்று நம் தரமணியிலேயே இருக்கிறது. ஆதம்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான். கேட்டவர் ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினார்.

இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் 5,700 வருஷ பேட்டரியைக் கொண்டுவந்து போட்டார். அதுவும் நிஜம். பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகமும் அந்நாட்டு அணுசக்தி ஆணையமும் சேர்ந்து, கார்பன்-14 வைத்து வைர பேட்டரி செய்ததாக 2024 டிசம்பரில் சொன்னார்கள். 5,700 என்பது கார்பன்-14 பாதியாகும் காலம். அதன் சக்தியும் மைக்ரோவாட்டில்தான். குரூப்பில் ஐம்பது வருஷத்தின் மவுசு அன்றோடு போயிற்று.

முதல் மாடிப் பெண் மட்டும் குரூப்பில் எழுதாமல் நேரில் வந்து கேட்டாள். இரண்டு சின்னக் குழந்தைகள் அவளுக்கு. "அங்கிள், அணு பேட்டரின்னு சொல்றாங்களே, அது வெச்ச பொம்மை எதாவது வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா?" வீடியோவுக்கு வந்த கேள்விகளிலேயே இதுதான் அக்கறையான கேள்வி என்று எனக்குப் பட்டது. நிக்கல்-63 தள்ளும் எலக்ட்ரானுக்கு வலு கம்மி. காற்றிலேயே சில சென்டிமீட்டரில் அடங்கிவிடும், நம் மேல்தோலைத் தாண்டாது. மூடி இருக்கும்வரை பயமில்லை. விழுங்கினால் கதை வேறு. ஆனால் நிக்கல் பட்டன் என்றில்லை, ரிமோட்டில் போடும் சாதாரண பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கினாலே ஆபத்துதான், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அவளிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எனக்குப் பயம் கதிர்வீச்சில் இல்லை, பழைய இரும்புக் கடையில். 2010-ல் டெல்லி மாயாபுரியில் நடந்தது ஞாபகம் இருக்கும். ஒரு பல்கலைக்கழகத்தில் வருஷக்கணக்காக உபயோகிக்காமல் கிடந்த இயந்திரத்தைப் பழைய சாமான் என்று ஏலத்தில் விட்டுவிட்டார்கள். உள்ளே கோபால்ட்-60 இருந்தது. பிரித்த காயலான் கடைக்காரர்களுக்குத் தெரியாது. ஒருவர் இறந்தே போனார். கோபால்ட்-60 வெளியே விடுவது காமா கதிர், அதன் பக்கத்தில் நிக்கல்-63 பூனைக்குட்டி கூட இல்லை. ஆனாலும் ஐம்பது வருஷம் உழைக்கும் ஒரு பொருளுக்கு ஐம்பது வருஷமும் யாராவது கணக்கு வைத்திருக்க வேண்டும். எங்கள் அபார்ட்மென்ட்டில் பில்டர் கொடுத்த பிளான் காகிதமே எங்கே போயிற்று என்று தெரியாது.

கொஞ்சம் என் பழைய வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த விஷயத்தில் நான் ஏன் இத்தனை பிடிவாதமாக இருக்கிறேன் என்பது புரியாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் 48 வோல்ட்டில் ஓடும். இரண்டு வோல்ட் செல் 24 சேர்ந்தால் ஒரு பேங்க். ஒவ்வொரு செல்லும் இடுப்பு உயரத்துக்கு இருக்கும். கதவைத் திறந்ததும் தொண்டையில் பிடிக்கும் ஆசிட் நெடி. எங்கள் பேன்ட்டில் எல்லாம் சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், வீட்டில் எலி கடித்ததா என்பார்கள். ஹைட்ரோமீட்டரை விட்டு கிராவிட்டி, அதாவது ஆசிட்டின் அடர்த்தி, பார்ப்பது, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவது, டெர்மினலில் வாசலின் தடவுவது, எல்லாவற்றையும் லாக் புத்தகத்தில் எழுதுவது. ஈ.பி. போனால் பேட்டரி தாங்கும், அதற்குள் ஈ.ஏ. செட், அதாவது ஜெனரேட்டர், ஓட ஆரம்பிக்க வேண்டும். வீட்டில் கரன்ட் இல்லாவிட்டாலும் பழைய போனில் டயல் டோன் வரும் இல்லையா, அந்தக் கரன்ட் எங்கள் ரூமிலிருந்து கேபிள் வழியாக வருவது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா அடித்துப்போட்ட பிறகு நாள்கணக்கில் ஊரே இருட்டில் கிடந்ததே, அப்போதும் மரம் விழுந்து கேபிள் அறுபடாத வீடுகளில் லேண்ட்லைன் பேசியது.

அந்த ரூமில் என் சீனியர் ஒருவர் புதுசாக வரும் எல்லோருக்கும் ஒரே பாடம்தான் எடுப்பார். "வோல்டேஜைப் பாத்து ஏமாறாதடா. லோடு குடுத்துப் பாரு." செத்துப்போன செல்லும் சும்மா இருக்கையில் மீட்டரில் அழகாக இரண்டு வோல்ட் காட்டும். லோடு ஏற்றி, அதாவது நிஜமாகக் கரன்ட்டை இழுக்க வைத்து, பத்து மணி நேரம் டிஸ்சார்ஜ் விட்டால்தான் எது உழைக்கும், எது நடிக்கிறது என்று தெரியும். நான் எந்த பேட்டரி விளம்பரத்தைப் பார்த்தாலும் அவர் குரல்தான் கேட்கிறது. அந்தச் சீன பேட்டரி 3 வோல்ட் காட்டும். சரி, லோடு?

லோடு சின்னதாக இருந்தால் அது ராஜா. எங்கள் மூன்றாம் மாடி அக்காவுக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. பேஸ்மேக்கருக்கு வேண்டியது சில பத்து மைக்ரோவாட்தான். உள்ளே இருப்பது லிதியம் பேட்டரி, சுமார் பத்து வருஷம் வரும், பிறகு தோளுக்குக் கீழே மறுபடி கீறி முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும். ஆக, அந்த வீடியோ உண்மையிலேயே சம்பந்தப்பட்டது அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு ஆளுக்கு. அவரிடம் வாட்ஸ்அப்பே கிடையாது. மருமகள் காட்டியிருக்கிறாள்.

"தம்பி, இது எனக்கு வெப்பாங்களா? இன்னொரு தரம் கிழிச்சுக்க முடியாதுப்பா."

அவருக்கு நான் சொன்ன கதை இது. முதல்முதலில் உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்னே லார்சன், 1958-ல். அந்தப் பெட்டி சில மணி நேரத்தில் நின்றுவிட்டது. மாற்றினார்கள். அதன்பின் வாழ்நாளில் 20-க்கும் மேற்பட்ட பெட்டிகள் மாற்றிக்கொண்டு, 2001-ல் தம் 86-வது வயதில், இதய நோயால் அல்ல, வேறு நோயால் இறந்தார். அதற்குள் அந்த ஆபரேஷனைச் செய்த டாக்டரும் கருவியைச் செய்த இன்ஜினியரும் காலமாகியிருந்தார்கள். அக்காவுக்கு இந்தப் பகுதி மிகவும் பிடித்தது. இரண்டு தரம் சொல்லச் சொன்னார்.

அந்தக் காலத்துப் பாதரச பேட்டரிகள் இரண்டு வருஷம் போல்தான் தாங்கும். அடிக்கடி கீறுவதைத் தவிர்க்க, 1970-ல் பாரிஸில் அணு பேட்டரி வைத்த பேஸ்மேக்கரை ஒருவருக்குப் பொருத்தினார்கள். உள்ளே புளூட்டோனியம்-238. பாதியாகக் குறைய 88 ஆண்டு. 1977-ல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களில் இருப்பதும் அதே சரக்குதான். ஆக, "சாகும்வரை மாற்ற வேண்டாத பேட்டரி" என்பது ஐம்பது வருஷத்துக்கு முன்பே மனித நெஞ்சுக்குள் போய்விட்டது. வைத்துக்கொண்டவர்களில் பலருக்கு அது கடைசிவரை உழைத்தது.

"பின்ன ஏன் இப்ப இல்ல?"

1970-களின் தொடக்கத்திலேயே லிதியம் அயோடைடு பேட்டரி வந்துவிட்டது. எட்டு, பத்து வருஷம் வரும், புளூட்டோனியம் வேண்டாம், தாங்கிக்கொள்ளும் விலை. அது மட்டுமில்லை, பத்து வருஷத்தில் பேஸ்மேக்கர் சர்க்யூட்டே எங்கேயோ முன்னேறிவிடுகிறது. பேட்டரி உழைக்கிறதே என்று முப்பது வருஷத்துக்கு முந்தைய பெட்டியை நெஞ்சில் வைத்திருக்க எந்த டாக்டரும் சம்மதிக்க மாட்டார். கூடவே இன்னொரு தொல்லை. ஆள் இறந்தால் அந்த பேட்டரியை எடுத்து அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் அதற்கென்று லாஸ் அலமாஸ் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். "எரிக்கும்போது இதுவும் வெடிக்குமாமே?" என்றார். ஆமாம், லிதியம் பேட்டரியும் வெடிக்கும், அதனால்தான் தகனத்துக்கு முன் பேஸ்மேக்கரை எடுத்துவிட வேண்டும் என்பார்கள். சொல்லலாமா வேண்டாமா என்று நான் தயங்குவதற்குள் அவரே மருமகளைக் கூப்பிட்டு, "இதை ஞாபகம் வெச்சுக்கடி, அந்த நேரத்துல எல்லாரும் மறந்துருவீங்க" என்றார். மருமகள் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே.

தெருமுனையில் ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவன் இருக்கிறான். சி.என்.ஜி.யை விட்டுவிட்டு எலெக்ட்ரிக் ஆட்டோ எடுத்திருக்கிறான். வீடியோவைக் காட்டினால் உற்சாகமாவான் என்று நினைத்தேன். "அம்பது வருஷம் என்னாத்துக்கு சார்? என் லோன் முடியற வரைக்கும் நின்னா போதும். அதுக்கப்பறம் ரெண்டு வருஷம் ஓடுச்சுன்னா அது எனக்கு லாபம்." அவனுக்கு பேட்டரி என்றால் ஒன்றே ஒன்றுதான் கேள்வி: காலையில் கிளம்பினால் மத்தியானம் சார்ஜுக்கு நிற்காமல் தாம்பரம், கோயம்பேடு என்று சவாரி எடுக்க முடியுமா? சார்ஜில் நிற்கும் நேரம் அவனுக்குச் சம்பளமில்லாத நேரம். பேட்டரி வாரன்ட்டி எத்தனை கிலோமீட்டருக்கு, எதெல்லாம் அதில் சேராது என்று வரிவரியாக ஒப்பிக்கிறான். அபார்ட்மென்ட்டில் கார் வைத்திருப்பவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

இன்வெர்ட்டர் கடைக்காரர் வேறு ரகம். மெயின் ரோட்டில் வெகுநாளாகக் கடை வைத்திருக்கிறார். "அம்பது வருஷ பேட்டரி வித்தா நான் என் பேரனுக்குத்தான் சார் அடுத்த யாவாரத்தை வெச்சுட்டுப் போகணும்" என்று சிரித்தார். பிறகு அவரே ஒன்று சொன்னார். "வாரன்ட்டி கார்டுல கம்பெனி சீல் இருக்கும். அம்பது வருஷம் கழிச்சு கம்பெனி இருக்குமா?" லெட் ஆசிட் பேட்டரிக்கு ஒரு பெருமை உண்டு. பழசைக் கொடுத்தால் கையில் காசு, ஈயம் உருகி மறுபடி பேட்டரியாகும். 1859-ல் பிளான்டே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது, இன்னும் நம் வீட்டு மூலையில் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது. யாரும் அதற்கு வீடியோ போடுவதில்லை.

இதெல்லாம் வேடிக்கையோடு போயிருக்கும், ஜெனரல் பாடி கூடாமல் இருந்திருந்தால்.

கார் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். எங்கள் லிஃப்ட்டில் ஏ.ஆர்.டி. என்று ஒன்று இருக்கிறது. கரன்ட் போனால் பேட்டரியில் லிஃப்ட்டைப் பக்கத்து மாடிவரை கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும். அதில் நாலு 12 வோல்ட் பேட்டரி. சும்மா மீட்டர் வைத்தால் 12.6 காட்டுகிறது. லோடு கொடுத்தால் 9-க்கு விழுகிறது. படிக்கட்டு விளக்கு இன்வெர்ட்டர் பேட்டரியும் அதே கதி. மழைக்காலம் வருவதற்குள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டாம் மாடி ஐ.டி. தம்பி எழுந்தான். கெட்டிக்காரப் பையன், மரியாதை தெரிந்தவன்.

"சார், டெக்னாலஜி ரொம்ப வேகமா மாறிட்டிருக்கு. ரெண்டு வருஷத்துல எல்லாமே சாலிட் ஸ்டேட். இப்பப் போய் லெட் ஆசிட்ல காசைப் போடணுமா? கொஞ்சம் வெயிட் பண்ணலாமே."

நாலைந்து தலைகள் ஆடின. எனக்குச் சுருக்கென்றது. வீடியோவைப் பார்த்து ஆசைப்படுவது வேறு. அதைக் காரணமாக வைத்து இன்றைக்குச் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடுவது வேறு.

சாலிட் ஸ்டேட் வராது என்று நான் சொல்லவில்லை. பேட்டரிக்குள் இருக்கும் திரவத்துக்குப் பதில் திடப்பொருள் வைத்தால் தீப்பிடிக்கும் பயம் குறையும், அதே எடையில் கூடுதல் சக்தி அடைக்கலாம், எல்லாம் சரி. டொயோட்டா 2017-ல், 2020-களின் தொடக்கத்தில் கொண்டுவருவோம் என்றது. 2023-ல் கேட்டால் 2027, 2028 என்றது. எத்தனை பெரிய கம்பெனியாக இருந்தாலும் ஆய்வகத்தில் ஒரு செல் செய்வதும், தொழிற்சாலையில் கோடிக்கணக்கில் ஒரே மாதிரி செல் செய்வதும் இரண்டு வேறு வித்தைகள். ஆதம்பாக்கத்துக்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை பறக்கும் ரயிலுக்கு 2008-ல் தூண் போட ஆரம்பித்ததை இந்தத் தெருவில் நின்று பார்த்தவர்கள் நாங்கள். எத்தனை "அடுத்த வருஷம்" கேட்டிருப்போம்!

கூட்டத்தில் இவ்வளவும் சொல்லவில்லை. "தம்பி, மழையில கரன்ட் போய் லிஃப்ட்டு நடுவுல நின்னுச்சுன்னா, சாலிட் ஸ்டேட் வர வரைக்கும் உள்ளயே இருப்பீங்களா?" என்று மட்டும் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது கரன்ட் இல்லாமல் மூன்றாம் மாடி அக்காவை நாற்காலியில் உட்கார்த்திப் படியில் தூக்கி இறக்கியவர்களில் அவனும் ஒருவன். அதை யாரோ ஞாபகப்படுத்தியதும் பேச்சு மாறிவிட்டது.

அந்தத் தம்பியிடம் பிறகு தனியாகப் பேசினேன். அவன் சொன்னதில் பாதி சரி என்பதையும் சொன்னேன். டெக்னாலஜி மாறிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் வீடியோ வராத பக்கத்தில். அவன் ஓட்டும் ஸ்கூட்டரில் இருக்கும் லிதியம் அயான், சோனி 1991-ல் கடைக்குக் கொண்டுவந்த சரக்கின் பேரன். ஆட்டோ தம்பியின் வண்டியில் இருப்பது இரும்பு பாஸ்பேட் ரகம், எல்.எஃப்.பி. என்பார்கள். 1990-களில் அமெரிக்காவில் ஜான் குட்எனஃப் என்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தில் அக்ஷய பாதி என்ற இந்திய ஆராய்ச்சியாளர் கண்டது, 1997-ல் கட்டுரையாக வந்தது. அப்போது யார் அதைப் பேசினார்கள்? குட்எனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது வருஷம் 2019, அவருக்கு வயது 97. எல்.எஃப்.பி. ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றி இறக்கத் தாங்கும், சுலபத்தில் தீப்பிடிக்காது. 2010-ல் ஒரு யூனிட் கரன்ட் சேர்த்து வைக்கும் லிதியம் பேட்டரிக்கு ஆயிரம் டாலருக்கு மேல். 2024-ல் 115 டாலர். 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி டெப்போவிலிருந்து மாநகரப் பேருந்துகள் கரன்ட்டில் ஓட ஆரம்பித்ததே, அதெல்லாம் இந்த விலை இறக்கத்தால் வந்தது. அடுத்து உப்பிலிருந்து எடுக்கும் சோடியத்தை வைத்துச் செய்யும் பேட்டரி. சீனாவின் பெரிய கம்பெனி 2025 ஏப்ரலில் அதை விற்பனைக்குத் தயார் என்று அறிவித்துவிட்டது. இன்வெர்ட்டருக்கு அது நன்றாகப் பொருந்தும் என்பது என் கணிப்பு.

"அப்ப இன்வெர்ட்டருக்கு லிதியமே போட்டுடலாமே சார்?" என்றான். நல்ல கேள்வி. படிக்கட்டு இன்வெர்ட்டருக்கு எல்.எஃப்.பி. விலையையும் கடைக்காரரிடம் கேட்டோம். முதல் போடும் பணம் ஏறக்குறைய இரட்டிப்பு, தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, வருஷங்கள் கூட வரும். ஆனால் எங்கள் பழைய இன்வெர்ட்டரின் சார்ஜிங் அதற்கு ஒத்துவராது, அதையும் மாற்ற வேண்டும். இருபது நிமிஷம் கணக்குப் போட்டுவிட்டு இந்தத் தடவை டியூபுலர் என்ற லெட் ஆசிட் ரகம், அடுத்த தடவை லிதியம் என்று முடிவானது. ஏ.ஆர்.டி.க்கு லிஃப்ட் கம்பெனி சொன்ன ரகம்தான், அதில் நாம் கைவைக்கக் கூடாது.

புது பேட்டரி வந்து மாட்டியாயிற்று. தேதியை மார்க்கரால் ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருக்கிறேன். மெயினை ஆஃப் செய்து, உள்ளே நாலு பேரை நிற்க வைத்து லோடு டெஸ்ட்டும் பார்த்தாயிற்று, ஐ.டி. தம்பிதான் முதல் ஆளாக ஏறினான். செலவு வீட்டுக்கு 2,200 ரூபாய். மூன்று வீடு இன்னும் பாக்கி. அதில் ஒருவர், ஈ.பி. பில்லே இனி கிடையாது என்று கைதட்டியவர்.